எத்தனை தொலைந்தது என்று சொன்ன வரி

சங்கமித்ரா என்ன வேலை பார்க்கிறாள் என்று வியாசர்பாடிக் குடியிருப்பில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டைப் அடிக்கிறாள் என்பார்கள். கிரேன் ரிப்பேர் என்பார்கள். அவளுடைய அம்மா குப்பம்மாவைக் கேட்டால், "இரும்பு மார்க்கெட்டு மேல குந்திகினு இன்னாவோ டப்பா பண்ணுது. பொத்தான அமுக்கினா அது எயுதிக்குமாம். அமுக்காட்டி இன்னா பண்ணும்னு கேட்டா மொறைக்குது" என்பாள். எல்லாப் பதில்களிலும் அம்மாவின் பதில்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்பா பீம்ராவ் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டு, அவள் டிப்ளமா வாங்கிய ஆண்டே முதுகு போய் வீட்டில் உட்கார்ந்தார். அது 1999. சங்கமித்ரா டி.வி. பழுது பார்க்கும் கடையில் மூன்று வருடம் இருந்தாள். ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் குறுந்தகட்டைக் கடைக்காரரின் பழைய கணினியில் ஏற்றி, அது ஏன் ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று நோண்டிக்கொண்டே இருந்தாள். பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரத்துக்கு இடம் பிடித்து, எங்கேயோ இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் மின்னஞ்சல்களை அச்செடுத்து வந்து படித்தாள். அந்தப் படிப்பை நம்பித்தான் ரகுபதி அவளுக்கு வேலை கொடுத்தார்.

ரகுபதியின் நிறுவனம் சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கிடங்கின் மாடியில் இருந்தது. மொத்தம் எட்டுப் பேர். கீழே தகடு இறக்கும்போதெல்லாம் மேலே மேசை குதிக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு இருந்தது. அதில் ஏழு கிரேன்கள். கிரேன் நின்றுபோனால் ஓட்டுநர் எலக்ட்ரீஷியனைக் கை காட்டுவார், எலக்ட்ரீஷியன் ஓட்டுநரைக் கை காட்டுவார். எந்தப் பொத்தான் எந்த நொடியில் அமுங்கியது, கிரேனை ஓட்டும் லீவர் எப்போது நகர்ந்தது என்று எழுதி வைக்கும் பெட்டி ஒன்றை ஆறு வாரத்தில் தருவதாக ரகுபதி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதைச் செய்ய வேண்டியவள் சங்கமித்ரா.

வேலையின் சிக்கல் இதுதான். கணினியின் அடிமடியில் கர்னல் என்று ஒன்று ஓடுகிறது. பொத்தான் அமுங்கிய சேதி முதலில் அதனிடம்தான் வரும். அதை வாங்கி மெமரி கார்டில் எழுதுவது வெளியே ஓடும் சாதாரண நிரல். இரண்டுக்கும் வேகம் ஒத்துப்போகாது. கர்னல் ஒரு விநாடியில் ஆயிரம் சேதியைக்கூட வாங்கும். ஆனால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 'கொஞ்சம் இரு' என்று நிற்க முடியாது. அது நின்றால் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும். வெளி நிரலோ கார்டை நம்பியிருந்தது. கார்டு நல்ல நாளில் சட்டென்று எழுதும். கெட்ட நாளில் மூன்று விநாடி, நான்கு விநாடி வாயைப் பிளந்துகொண்டு உட்காரும்.

2004 கோடை. நகரத்தில் குழாய்கள் வறண்டு, லாரித் தண்ணீரில் ஊர் பிழைத்துக்கொண்டிருந்தது. லாரிக்காரன் ஒருமுறை திறந்த குழாயை யாருக்காகவும் மூட மாட்டான். சங்கமித்ரா நான்கு குடங்களை வரிசையாக வைப்பாள். ஒன்று நிரம்பினால் அடுத்தது. நிரம்பியதை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வரும்வரை மற்ற மூன்றும் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் தெருவில் ஓடும்.

பெட்டிக்குள்ளும் நான்கு குடம் வைத்தாள். கர்னலும் வெளி நிரலும் இரண்டுமே பார்க்கக்கூடிய, பஃபர் என்கிற நினைவகப் பகுதி, நான்கு துண்டு, துண்டுக்கு இருநூற்றைம்பத்தாறு பதிவு. எழுதுகிறவனுக்கு ஒரு குறி, படிக்கிறவனுக்கு ஒரு குறி. பதிவை முழுதாக எழுதிவிட்டுத்தான் குறியை நகர்த்த வேண்டும். முந்திக்கொண்டால் படிக்கிறவன் பாதிக் குப்பையை அள்ளுவான். இதைச் சரிசெய்ய அவளுக்குப் பதினோரு நாள் பிடித்தது.

நான்கும் நிரம்பிவிட்டால்? இரண்டே வழி. பழையதை அழித்துப் புதியதை அதன்மேல் எழுதலாம். அல்லது புதியதை வாங்க மறுக்கலாம். அவள் புதியதை மறுத்தாள். காரணம் இருந்தது. கிரேனில் ஒரு கோளாறு வந்தால் முதலில் ஒரு சேதி வரும், அதன் பின்னாலேயே நூறு எச்சரிக்கை மணிகள் கொட்டும். பழையதை அழித்தால் அந்த நூறும் இருக்கும், முதல் சேதி போய்விடும். முதல் சேதிதானே வேண்டும்.

ஆனால் மறுத்ததை மறைக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தாள். இடம் இல்லாமல் போன பதிவுகளைக் கர்னல் எண்ணிக்கொள்ளும். அடுத்த துண்டு அச்சாகும்போது அதன் தலையில் 'இதற்கு முன் தொலைந்தவை' என்று எண்ணிக்கை வரும். பெட்டியிலேயே அவளுக்கு மிகப் பிடித்தது அந்த வரிதான்.

முதல் பெட்டியை மாட்ட அவளே கிரேனில் ஏறினாள். அந்தக் கிரேனின் ஓட்டுநர் சிலுவைமுத்து, ஐம்பதை நெருங்கியவர், கல்மண்டபத்துக்காரர். துறைமுகத்தில் பல வருடம் கிரேன் ஓட்டிவிட்டு யார்டுக்கு வந்தவர்.

"ஏறும்மா. கீய பாக்காத. தல சுத்திச்சுன்னா அப்பால உன்ன கொக்கி போட்டுத்தான் எறக்கணும்" என்று மேலேயிருந்து கத்தினார். அவள் கேபினுக்குள் மூச்சு வாங்கி நின்றதும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இது? நான் முயிச்சிகினு கீறனா தூங்கறனான்னு பாக்கவா?"

"இல்லண்ணே. எந்தப் பொத்தான எப்ப அமுக்கனீங்க, லீவர எப்ப நகத்தனீங்கன்னு மட்டும்தான்."

"மூக்கு நோண்டனா?"

"தெரியாதுண்ணே."

"அப்ப சரி. மாட்டிக்கோ."

கிரேன் நகர்வதற்கு முன் அவர் கை ஆரன் பொத்தானுக்குப் போனது. நீளமாக அமுக்கவில்லை. குட்டிக்குட்டியாக, விடாமல் தட்டினார். ஏன் என்று கேட்டாள்.

"நீட்டி அட்ச்சா எதோ லாரி ஆரன்னு நெனச்சிகினு பீடி வலிச்சிகினு நிப்பான். தட்டினாத்தான் மேல பாப்பான். ஆர்பர்ல பயகின கைம்மா. எதுனா ஒண்ணு ஆச்சின்னா மொதல்ல ஆரன், அப்பாலதான் மத்ததெல்லாம். நான் மேல பத்திரமா கீறேன். கீய நிக்கறவனுக்குத்தான உசுரு."

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். அவர் ஒருமுறை தட்டியது அறுபது பதிவாக வந்திருந்தது. கடல் காற்றில் உப்பரித்த பொத்தான்; உள்ளே தகடு ஒட்டுவதும் விடுவதுமாகத் துடித்தது. பொத்தானை மாற்றச் சொல்லி யார்டு மெக்கானிக்கிடம் சொன்னாள், அவர் தலையாட்டினார். உள்ளே எதையும் வடிகட்டாதே, வருவதை அப்படியே வாங்கு, வடிகட்டுவதை வெளியே வைத்துக்கொள் என்பது அவள் படித்த விதி. அதன்படி, அறுபதை ஒன்றாகச் சேர்க்கும் வேலையை வெளி நிரலில் வைத்தாள். சரியான விதி. அந்த ஆரனையும் தன் நான்கு குடத்தையும் சேர்த்து வைத்து ஒரு கணக்குப் போட அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து ரகுபதி ஓர் அச்சுத்தாளோடு அவள் மேசைக்கு வந்தார். ஒரு வரியைச் சிவப்பு மையால் யாரோ வட்டமிட்டிருந்தார்கள். 'இதற்கு முன் தொலைந்தவை: 37.'

"இது என்ன மித்ரா? நம்ம பெட்டியே நம்மளக் காட்டிக் குடுக்குது."

"சார், தொலைக்காத பெட்டின்னு ஒண்ணு கிடையாது. தொலைச்சத சொல்ற பெட்டி, சொல்லாத பெட்டி, அவ்ளோதான்."

"இத நான் யார்டு மேனேஜர்கிட்ட சொல்லிப் பாத்தேன். சொல்லாத பெட்டிய குடுங்கன்னான்." ரகுபதி சிரிக்கவில்லை. "மீதி ஆறு கிரேனுக்கு ஆர்டர் இந்த வாரம் கையெழுத்தாகணும். அந்த வரிய எடு."

"தொலையறது நிக்காது சார். தெரியாமப் போகும்."

"தெரியாமப் போகட்டும். அடுத்த வெர்ஷன்ல பெரிய பஃபர் போட்டு, திரும்பச் சேத்துக்கலாம்."

அந்த வரிக்கு முன்னால் அவள் இரண்டு சாய்கோடு போட்டாள். அவ்வளவுதான் வேலை, நிரல் அந்த வரியைத் தாண்டிப் போகத் தொடங்கியது. அடுத்த வெர்ஷன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பெரிய பஃபரும் வரவில்லை, வரியும் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை.

2005 ஜூலையில் ஒரு காலை, பத்து மணி சுமாருக்கு, ரஷீது என்ற டிரெய்லர் ஓட்டுநர் கன்டெய்னரின் பூட்டைத் தளர்த்த வண்டிக்குப் பின்னால் இறங்கினார். சிலுவைமுத்துவின் கிரேன் சுமையோடு வந்துகொண்டிருந்தது. ஆளைப் பார்த்ததும் அவர் ஆரனைத் தட்டினார். ரஷீது நிமிர்ந்து பார்த்து விலகிக் குதித்தார். கிரேன் நிற்காமல் வந்து டிரெய்லரை நெட்டித் தள்ளியதில் அவருடைய இடது கால் டிரெய்லர் சக்கரத்தில் மாட்டியது. கீழே இருந்த யாரோ ஓடிப்போய், கிரேனின் இரும்புக் காலில், ஆள் உயரத்தில் இருக்கும் நிறுத்தப் பொத்தானை அடித்த பிறகுதான் அது நின்றது. ரஷீதின் கால் முழங்காலுக்குக் கீழே போனது.

யார்டு நிர்வாகம் பெட்டியின் பதிவை அச்செடுத்தது. ஆரன், ஆரன், ஆரன் என்று வரிசையாக ஓடியது. பிறகு ஏறக்குறைய இரண்டு விநாடி எதுவும் இல்லை. பிறகு 'மின்சாரம் நின்றது.' கேபினில் உள்ள சிவப்பு நிறுத்தப் பொத்தானைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் தொங்கியது. சிலுவைமுத்து சிவப்புப் பொத்தானை அமுக்கியும் கிரேன் ஓடியது என்றால் கேபினிலிருந்து நிறுத்தும் இணைப்பே கெட்டிருந்தது, அது நிர்வாகத்தின் தப்பு. அமுக்கவில்லை என்றால் அவர் தப்பு. அவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் அவர் சாத்தாங்காட்டு மாடி ஏறி வந்தார். சங்கமித்ராவின் எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை கன்றி நீலம் பாரித்திருந்தது.

"அமுக்கலம்மா, அட்ச்சேன். இந்தக் கையால ஓங்கி அட்ச்சேன். லீவர இஸ்துட்டு அட்ச்சேன். உன் டப்பா இன்னாத்த பாத்துகினு இருந்துச்சி?"

அவர் போன பிறகு பதிவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: லீவரைப் பின்னால் இழுத்த வரி எங்கே? அதுவும் இல்லை. பதிவின்படி லீவர் கடைசிவரை முன்னோக்கியே இருந்தது. அப்படியென்றால் அந்த இரண்டு விநாடியில் வந்ததைப் பெட்டி வாங்காமல் விட்டிருக்க வேண்டும்.

அந்த ஆரன் பொத்தானை யார்டில் கேட்டாள். விபத்துக்கு அடுத்த நாளே கிரேனைப் பழுது பார்த்தபோது மாற்றிவிட்டார்களாம். பழையது குப்பையோடு போய்விட்டது. ஒரு வருடமாக மாற்றாத பொத்தான். வெளி நிரல் அறுபதை ஒன்றாக்கிக் கார்டில் எழுதியதும் மூலப் பதிவுகளை அழித்துவிடும், கார்டில் இடம் போதாது என்பதற்காக. அதுவும் அவள் எழுதியதுதான்.

அதே மாதிரிப் பொத்தானை வாங்கி உப்புத் தண்ணீரில் நான்கு நாள் ஊறப்போட்டாள். பெட்டியோடு இணைத்து, சாய்கோடுகளை எடுத்துவிட்டு, சிலுவைமுத்து தட்டுவதைப் போலவே தட்டினாள். கார்டு எழுதத் திணறும் நேரமாகப் பார்த்துத் தட்டியபோது பதினெட்டாவது தட்டலில் நான்கு துண்டும் நிரம்பின. மேலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். அச்சில் ஆரன், ஆரன், ஆரன். சிவப்பு இல்லை. அடுத்த துண்டின் தலையில், 'இதற்கு முன் தொலைந்தவை: 211.'

அவர் கீழே நின்றவனைக் காப்பாற்றத் தட்டிய ஆரனே பெட்டியை அடைத்து, அவர் அடித்த பொத்தானுக்கு இடமில்லாமல் செய்திருக்கும். ஆரனை ஒரு தட்டோடு விட்டிருந்தால் அவருக்கு வேலை இருந்திருக்கும். ரஷீது இருந்திருப்பாரா என்பது வேறு.

ரகுபதி சோதனையைப் பார்த்தார். ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்காமல் வைத்திருந்தார்.

"விசாரணையில சொல்லப்போறியா?"

"ஆமா சார்."

"சொல்லு. நான் தடுக்கல. கம்பெனி சொல்லுதுன்னு சொல்லாத."

விசாரணை யார்டு அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நடத்தியவர் ராமசுப்பு என்ற வழக்கறிஞர்; நிர்வாகம் அமர்த்தியவர். முதலில் ரஷீது ஊன்றுகோலோடு வந்தார்.

"ஆரன் கேக்கலன்னா நான் இங்க ஒத்தக் கால்லகூட நின்னிருக்க மாட்டேன் சார்" என்றார்.

"சிவப்புப் பொத்தானை அவர் அமுக்கியதைப் பார்த்தீர்களா?"

"கால் சக்கரத்துல மாட்டிகினு கீது. நான் மேல இன்னா வேடிக்கயா பாத்துகினு இருப்பேன்?"

ராமசுப்பு எழுதுபவரிடம், "பார்க்கவில்லை என்று போடு" என்றார்.

சங்கமித்ரா உப்பரித்த பொத்தானையும் தன் பெட்டியையும் மேசைமேல் வைத்து நிதானமாக விளக்கினாள். பஃபர் எப்படி நிரம்பும், நிரம்பினால் என்ன ஆகும், எந்த வரி எடுக்கப்பட்டது. லீவரைப் பற்றியும் சொன்னாள்.

"இந்தத் தாள உண்மைன்னு எடுத்துக்கிட்டா, அண்ணன் கேபின விட்டு எறங்குன அப்புறமும் லீவர் முன்னாலயே இருக்கு சார். அது நடக்குமா?"

"மின்சாரம் நின்ற பிறகு லீவர் சேதி அனுப்பாது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். சரிதானே?"

"சரிதான். ஆனா அதுக்கு முன்னாடி..."

"நீங்கள் காட்டியது உங்கள் அலுவலகத்தில் நடந்தது. எங்கள் கிரேனில் அன்று பதிவுகள் தொலைந்தன என்று இந்தத் தாளில் எங்காவது இருக்கிறதா?"

"இல்ல. அந்த வரிய எடுத்துட்டோம்."

"எடுத்தது யார்?"

"நான்தான்."

ராமசுப்பு கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "நேரடியாகக் கேட்கிறேன். அன்று காலை சிலுவைமுத்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?"

சுவரோரம் ஒரு நாற்காலியில் சிலுவைமுத்து இருந்தார். முழங்கால்மேல் இரண்டு கையும் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறுதியா சொல்ல முடியாது" என்றாள். "அமுக்கலன்னும் யாராலயும் சொல்ல முடியாது. இந்தத் தாள வச்சி ரெண்டுமே சொல்ல முடியாது."

எழுதுபவர் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். கையெழுத்துப் போடச் சொன்னபோது அவள் இரண்டாவது பதிலையும் எழுதச் சொன்னாள். கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்றார் ராமசுப்பு. வேண்டுமானால் தனித்தாளில் எழுதித் தாருங்கள், இணைத்துவிடுகிறோம். அவள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சிலுவைமுத்துவுக்கு நவம்பரில் வந்த பணிநீக்க உத்தரவோடு விசாரணை அறிக்கையும் வந்தது. அந்த இரண்டு பக்கம் அதில் இல்லை. 'பதிவுக் கருவியை வடிவமைத்த பொறியாளரே, அவர் அமுக்கியதாகக் கூற இயலவில்லை' என்ற வாக்கியம் இருந்தது.

அவள் 2006 தொடக்கத்தில் ரகுபதியிடமிருந்து விலகினாள். அம்பத்தூரில் வேறு நிறுவனம், கூடுதல் சம்பளம். அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சி. புதிய இடத்தில் அவள் எழுதிய ஒவ்வொரு பஃபரிலும் தொலைந்த எண்ணிக்கை அச்சில் வந்தது. அதை எடுக்கச் சொன்ன ஒருவரிடம் குரலை உயர்த்தி, திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயரால் சிலுவைமுத்துவுக்கு ஒரு பயனும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பணிநீக்கத்தை எதிர்த்துச் சிலுவைமுத்து போட்ட வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாகப் போயிற்று. 2007இல் அவருடைய வக்கீல் அவள் தனித்தாளின் நகலைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு போனாள். சிலுவைமுத்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கிடங்கில் கட்டி உடைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கோணிச் சாக்கை உதறிப்போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"வூட்ல அம்மா சௌக்கியமா? டீ சொல்லட்டா?"

"வேணாண்ணே."

தாளை வாங்கி, படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. ரெண்டு வருசமா எல்லாரும் அந்தப் பேப்பர படிச்சிக் காட்டறானுங்க. ஆரன், ஆரன், அப்பால ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. இப்பல்லாம் கண்ண மூடனா ஆரன் அட்ச்சது நல்லா தெரியுது. அப்பால கை எங்க போச்சின்னு தெரியல. பொத்தான்கிட்ட போவறதுக்குள்ள முயிப்பு வந்துருது. மெய்யாலுமே அட்ச்சனாம்மா நானு?"

"அட்ச்சீங்கண்ணே" என்றாள். உடனே சொன்னாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை.

"உனுக்குத் தெரியாதும்மா. தெரியாதத தெரியும்னு சொல்ற ஆளு நீ இல்ல. அன்னிக்கு அங்க சொன்னியே, நானும்தான குந்திகினு கேட்டேன்."

வாசலில் ஐஸ் வண்டி வந்து நின்றது. அவர் எழுந்து போனார்.